பியானோ கட்டை கனமா? ஒரு ரூபாய் நாணயத்தால் அளந்து பாருங்கள்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து ஆலயங்களில் அப்ரைட் பியானோ (கம்பிகள் செங்குத்தாக நிற்கும் வகை) வாசிப்பவர்கள் மழைக்காலத்தில் "கட்டை கனமா இருக்கு" என்பார்கள். அந்தக் கனம் உராய்வாகவும் இருக்கலாம், பாரமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் முதலில் அளக்க வேண்டும்.

2011 முதல் வந்த, 22 மி.மீ. அகல ஒரு ரூபாய் நாணயங்கள் இருபது எடுங்கள். ஒன்று 3.79 கிராம். 2019-இல் வந்த சிறிய நாணயம் 3.09 கிராம்தான், கலக்காதீர்கள். பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ.; பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்து அளவைக் கெடுத்துவிடும்.

வலது பெடலை மிதித்தபடி, நடு ஸி கட்டையின் முன் விளிம்பில் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். கட்டை மெதுவாக இறங்கத் தொடங்கும் எடை, இறங்கு எடை. பிறகு கட்டையைப் பாதி வரை அமுக்கிப் பிடித்து, நாணயங்களைக் குறைத்துக்கொண்டே வந்து விட்டுப் பாருங்கள். கட்டை எவ்வளவைத் தூக்கிக்கொண்டு எழுகிறதோ அது ஏறு எடை.

கட்டை 14 நாணயத்தில் இறங்கி (53 கிராம்), 6 நாணயத்தைத் தூக்கி ஏறினால் (23 கிராம்) நல்ல நிலை. வித்தியாசத்தில் பாதி உராய்வு: 15. கூட்டலில் பாதி பாரம்: 38. அப்ரைட்டில் ஸ்பிரிங்குகளும் இழுப்பதால் இது தோராயக் கணக்கு. கம்பிகள் படுத்திருக்கும் கிராண்ட் பியானோவில் இன்னும் சரியாக வரும்.

20 இறங்கி 2 மட்டும் ஏறினால் உராய்வு 34, பாரம் 42. இது ஈரத்தின் வேலை. விரல் கொடுக்கும் சக்தி, கட்டையும் அச்சுகளும் உரசும் இடங்களில் ஒட்டியிருக்கும் துணியிலேயே கரைந்து, மெல்ல வாசிக்கும்போது ஹாமர் (கம்பியைத் தட்டும் சுத்தியல்) கம்பியை எட்டாமலே திரும்பும். பலத்து வாசித்தால் அவ்வளவாகத் தெரியாது.

18 இறங்கி 10 ஏறினால் உராய்வு அதே 15, பாரம் 53. கனத்த ஹாமர், கட்டைக்குள் எடைக்காக வைக்கும் ஈயம் குறைவாக இருப்பது, விறைத்த ஸ்பிரிங் காரணமாகலாம். இங்கே அடிபடுவது வேகம். ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் விரல் ஓயும். இன்னும் அழுத்தி ஈடுகட்டப் பார்ப்பது வீண். கம்பிக்கு 2, 3 மி.மீ. இருக்கும்போதே ஹாமர் பிடி விட்டுத் தனியாகப் பறக்கிறது. அதன்பின் அழுத்துவது ஒலிக்குச் சேராது.

உராய்வு கூடியிருந்தால் முன் பலகையைக் கழற்றி, ஹாமரை விரலால் கம்பி வரை தள்ளி விடுங்கள். சோம்பலாகத் திரும்பினால், ஹாமர் சுழலும் அச்சு ஊசியில் கோளாறு. அதை டெக்னீஷியன்தான் மாற்ற வேண்டும். ஹாமர் சட்டெனத் திரும்பியும் கட்டை கீழேயே கிடந்தால், கட்டையை நேராக நிறுத்தும் ஊசி நுழையும் துளையின் துணி ஊறியிருக்கிறது. அதற்கான பிளையரால் லேசாக அமுக்கினால் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். துணி ஊறிப் பிசுபிசுத்து, பிறகு துணியையே மாற்ற வேண்டிவரும்.