கொழும்பிலும் யாழ்ப்பாண வழியிலும் பேருந்தில் பயணம் செய்யும் முறை

கொழும்பில் பேருந்து ஏறப் பழகுகிறவர் ஊர்ப்பெயரைத் தேடாமல் வழித்தட இலக்கத்தைத் தேட வேண்டும். பெயர்ப்பலகையில் மூன்று மொழிகளும் இருந்தாலும், வண்டி நிற்கும் சில விநாடிகளில் அதை வாசித்து முடிக்க இயலாது; இலக்கமோ தூரத்திலேயே தெரிந்துவிடும். புறக்கோட்டையிலிருந்து காலி வீதி வழியே வெள்ளவத்தைக்குச் செல்ல, பாணந்துறைக்குப் போகும் 100 அல்லது மொரட்டுவைக்குப் போகும் 101 போதும். மகரகம பக்கம் செல்பவருக்கு 138, கண்டிக்கு 1, யாழ்ப்பாணத்துக்கு 87. இலக்கத்தை அடுத்துச் சாய்கோடும் இன்னோர் எண்ணும் இருந்தால் அது இடையில் பிரிந்து செல்லும் கிளைச் சேவையாக இருக்கக்கூடும் என்பதால், ஏறுமுன் நடத்துநரிடம் ஊரைச் சொல்லிக் கேட்பது நல்லது.

சிவப்பு நிறப் பேருந்துகள் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்குரியவை. 1958 ஜனவரி 1 அன்று பேருந்துச் சேவை முழுவதும் அரசுடைமையானது. 1979 முதல் தனியாருக்கு மீண்டும் இடம் கிடைத்தது. இதனால்தான் புறக்கோட்டையில் சபைக்கு ஒரு நிலையமும், தனியாருக்குப் பெஸ்டியன் மாவத்தை முதலிய வேறு நிலையங்களும் நடைதூரத்தில் இருக்கின்றன. பருவச்சீட்டு வைத்திருப்பவர் சிவப்புப் பேருந்துக்கே காத்திருக்க வேண்டும்.

தனியார் பேருந்து ஒரு தரிப்பிடத்தில் அசையாமல் நிற்பதும், அடுத்த நிமிடமே பறப்பதும் புதியவருக்கு விளங்காது. பெரும்பாலும் சாரதியின் வருமானம் அன்றைய வசூலைப் பொறுத்தது. ஆகவே ஆள் சேரும்வரை ஊர்ந்து, பின்னால் அதே இலக்க வண்டி தென்பட்டதும் அதனை முந்தவிடாமல் ஓடுகிறார். அவசரமுள்ளவர் நிற்கும் வண்டியில் ஏறி உட்காராமல், கிளம்பத் தொடங்கிய வண்டியைப் பார்ப்பதே மேல். முன்வரிசையில் மதகுருமாருக்கென எழுதிய இருக்கையை, வண்டி காலியாக இருந்தாலும், நான் தவிர்த்துவிடுவேன். எப்படியும் எழும்ப வேண்டி வரும்.

கட்டணம் இருக்கையிலேயே வசூலிக்கப்படும். நடத்துநர் தாள்களை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியபடி வருவார். அவரிடம் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டுவது இருவருக்கும் தொல்லை. சில்லறையோடு இறங்கும் இடத்தையும் சொல்லி, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மிச்சக் காசு உடனே கிடைக்காவிட்டால் இறங்குவதற்கு இரண்டு தரிப்பிடம் முன்பே நினைவூட்டுங்கள். ஒருமுறை கூச்சப்பட்டு நான் இழந்தது எண்பது ரூபாய். கூடுதலாக வசூலித்தால், வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற எண்ணுக்கு அறிவிக்கலாம்.

இறங்க வேண்டியபோது "இறக்கம்" என்று உரக்கச் சொன்னால் தமிழ் ஊர்களில் போதும். கொழும்பில் அதையே சிங்களத்தில் "பஹினவா" என்பது விரைவாகப் பலிக்கும். வண்டி முழுமையாக நிற்காமல் மெதுவாக உருளும் வழக்கம் உண்டு. அப்போது இறங்காமல், நிற்கும்வரை கம்பியைப் பிடித்து நின்று, வண்டி செல்லும் திசையைப் பார்த்தபடியே இடக்காலை முதலில் வைத்து இறங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கான இரவுச் சொகுசுப் பேருந்துகள் பல வெள்ளவத்தையிலிருந்து புறப்படுகின்றன. விடுமுறை நாட்களில் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது அரிது. குளிரூட்டி கடுமையாக இருக்கும் என்பதால் ஒரு போர்வையைப் பொதிக்குள் வைக்காமல் கையிலேயே எடுத்துச் செல்லுங்கள். கிளிநொச்சி, கொடிகாமம், சாவகச்சேரி போன்ற இடைவழி ஊர்களில் இறங்குபவர் ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவைக்க வேண்டும். அவர் மறந்தாலும் ஓர் அடையாளம் உண்டு: ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வண்டிகள் நிற்பது வழக்கம். சூடம் எரியும் வாசமும் கச்சான் விற்பவரின் குரலும் தூக்கத்தைக் கலைத்தால், கிளிநொச்சிக்காரர் அப்போதே பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம்.