வடசென்னை மொட்டைமாடியில் வெட்சி: குச்சியிலிருந்து பூக்கொத்து வரை

எங்கள் தண்டையார்பேட்டை மாடியில் வெட்சி, அதாவது இட்லிப்பூ, இப்போது கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. இந்தப் பக்கம் போர் தண்ணீரை வைத்துக்கொண்டு இதன் இலையைப் பச்சையாகக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. அதைத்தான் நீட்டி எழுதுகிறேன். தொட்டியில் ஓட்டை போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. செடியைத் தேர்ந்தெடுப்பது

வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான புதர்ச்செடி. காப்பிச் செடியின் குடும்பம். இலைகள் எதிரெதிராக ஜோடியாக வரும். அந்த ஜோடிக்கு நடுவே தண்டை ஒட்டிக் கூரான சின்னச் செதில் ஒன்று இருக்கும். காப்பிச் செடியிலும் இதைப் பார்க்கலாம்.

நாட்டு வெட்சியில் இலைக்குக் காம்பே இல்லாத மாதிரி இருக்கும், நான்கு இதழ்களும் நுனியில் கூராக இருக்கும். இதழ் நுனி உருண்டிருந்தால் பெரும்பாலும் சீன வகை. என் ஓட்டு நாட்டு வகைக்குத்தான். பூக்குழாயின் அடியில் தேன் இருப்பதால் வண்ணத்துப்பூச்சிகள் தேடி வரும்.

2. குச்சி வைப்பது

பூத்து முடிந்த கிளையில், பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய இடத்தில் பேனா நீளத்துக்கு வெட்டுங்கள். மூன்று கணுவாவது வேண்டும். கத்தரி தண்டை நசுக்கிவிடும். புது பிளேடு நல்லது. கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேல் இலைகளைப் பாதியாக நறுக்குங்கள். மணலும் தென்னை நார்க்கழிவும் சமமாகக் கலந்து நட்டு, அடி வெட்டிய பெரிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். நடுவில் இழுத்துப் பார்க்காதீர்கள்.

3. இலை மஞ்சளானால்

முதலில் எந்த இலை என்று பாருங்கள். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்தோ மெக்னீசியமோ குறைவு. நுனியில் வரும் புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிந்தால் அது இரும்புக் குறை. இங்கே வருவது பெரும்பாலும் இதுதான்.

மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் மண் காரமாகிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. வெட்சிக்குப் புளிப்பு மண் வேண்டும்; பி.எச். (மண்ணின் புளிப்பு-கார அளவு) 5 முதல் 6 வரை இருந்தால் செழிக்கும். போர் தண்ணீர் போன்ற கடின நீரும் சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரமும் அதைக் கெடுத்துவிடும். மண்ணில் குத்தும் மலிவு மீட்டரை நான் நம்புவதில்லை, பி.எச். தாள் போதும்.

உடனடித் தீர்வுக்கு நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு) கிடைக்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 3 கிராம், கூடவே சில சொட்டு எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வைத்திருந்தால் துருநிறமாகி வீணாகும். தரையில் சிந்தினால் கறை போகாது. மழைநீரைப் பிடித்து ஊற்றுவதுதான் நிரந்தர வழி.

4. கவாத்து

பூ கிளை நுனியில்தான் வரும். கொத்து வாடியதும் அதற்குக் கீழே ஒரு ஜோடி இலையோடு வெட்டினால் இரண்டு கிளை பிரியும்.

பின்சேர்க்கை: ஆர்.ஓ. கழிவுநீர் ஊற்றலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம், வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, அதைத் தாராளமாக ஊற்றலாம்.