நான்கு வாரம் கையிருப்பில்

ஐ.ஐ.டி.களின் இணையவழிப் படிப்புத் தளமான என்பிடெல்லில் (NPTEL) 12 வாரப் படிப்பு எடுத்திருக்கும் சேலம் கணினி அறிவியல் மாணவர்கள், சிம்போசியமும் ஹேக்கத்தானும் வரும் வாரங்களில் அசைன்மென்ட்டைத் துணிந்து விட்டுவிடலாம். 12-இல் சிறந்த 8 மட்டுமே கணக்கில் சேரும். அவற்றின் சராசரிக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75. ஆக, நான்கு வாரம் கையிருப்பு. அதில் ஒன்றைக் கடைசிவரை தொடாதீர்கள். கெடு முடியும் நாளன்று இரவு 11.50 மணிக்கு, ஏற்காட்டு மழையில் சிக்னல் போய்த் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

8 வாரப் படிப்பில் சிறந்த 6 சேரும். விட இடம் இரண்டுதான். நிரலாக்கத் தேர்வு உள்ள படிப்புகளுக்குக் கணக்கே வேறு, அறிமுகப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். விட்ட வாரத்தின் வீடியோவை மட்டும் விடாதீர்கள்; தேர்வில் அதுவும் வரும்.