விண்வெளிக்குப் போன எம்.ஜி.ஆரை மதுரையில் தேடுவது எப்படி: பழைய அறிவியல் படப் பொருள்களைச் சேர்ப்பவர்களுக்கு

பழைய பேப்பர் கடையில் நின்று "சயின்ஸ் ஃபிக்‌ஷன் பட போஸ்டர் இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் உங்களைத்தான் வேற்றுக்கிரகவாசியைப் போலப் பார்ப்பார். "வாத்தியார் படம் ஏதும் கிடக்கா அண்ணே?" என்று கேளுங்கள், கட்டு அவிழும். மதுரையில் சினிமாக் காகிதம் எல்லாமே நடிகர் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. படத்தில் ராக்கெட் வந்ததா, ரதம் வந்ததா என்பது யாருக்கும் கணக்கில்லை. இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. எம்.ஜி.ஆர். இருந்தால் ரசிகர்களோடு போட்டி போட்டு வாங்க வேண்டும். அவர் இல்லாத படம் என்றால் பழைய காகித எடைக்கே கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

தேடத் தகுந்த பழைய படங்கள் கைவிரலுக்குள் அடங்கும். முதலில் 1952இல் வந்த 'காடு'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த படம் இது. அழிந்துபோன மாமத யானைகள் வரும். அமெரிக்காவிலும் வெளியானதால் இதற்கு இரண்டு நாட்டுக் காகிதமும் உண்டு. அடுத்தது 1963இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'கலை அரசி'. வேற்றுக்கிரகத்தார் இசை கற்றுக்கொள்ளப் பூமியிலிருந்து பெண்ணைக் கடத்திப் போக, எம்.ஜி.ஆர். அவளை மீட்க விண்வெளிக்குப் போகும் கதை. மூன்றாவது, சுஜாதா எழுதி 1986இல் வந்த 'விக்ரம்'. முதலிரண்டையும்விட இதன் காகிதம் அதிகம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர் இதில் கைப்பழக்கம் செய்துகொள்வது நல்லது.

எங்கே தேடுவது? ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்கு விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு மிஞ்சுவது ரிமோட்டும் சார்ஜரும்தான். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழித்துக்கட்டிய பொருள்களோடு பாட்டுப் புத்தகக் கட்டுகளும் வரும். ஆனால் அங்கே வெளிநாட்டவருக்குச் சொல்லும் விலையைத்தான் உங்களுக்கும் முதலில் சொல்வார்கள். சிவகாசியில் அச்சகங்களை நேரடியாகக் கேட்பதைவிட, அச்சகங்களில் கழிவுக் காகிதம் எடுப்பவர்களைக் கேளுங்கள். ஓரம் வெட்டாத சோதனைத் தாள்கள் அவர்கள் வழியாகத்தான் வெளியே வரும்.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான இடம், படம் ஓட்டிய ஆட்களின் வீட்டுப் பரண். தங்கம் தியேட்டர் இடிபட்டுவிட்டது, சிந்தாமணியும் சினிமாவை விட்டுவிட்டது. அங்கே வேலை பார்த்த ஆபரேட்டர்கள், போஸ்டர் ஒட்டியவர்கள், மதுரை ராமநாதபுரம் ஏரியா விநியோக அலுவலகங்களில் படப்பெட்டி தூக்கியவர்கள் ஆகியோரின் குடும்பங்கள் இன்னும் ஊரில்தான் இருக்கின்றன. போனதும் விலை பேசாதீர்கள். முதல் நாள் பார்த்துவிட்டு, எதை எந்த வரிசையில் வைத்திருந்தார்கள் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரே கட்டில் கிடந்தவை ஒன்றுக்கொன்று சாட்சி. பிரித்து வாங்கினால் அந்தச் சாட்சி போய்விடும்.

காலத்தைக் கண்டுபிடிக்கும் எழுத்துகள்

பழைய படங்கள் மறுவெளியீடாகத் திரும்பத் திரும்ப வந்த ஊர் இது. ஒவ்வொரு தடவையும் புதிய போஸ்டர் அடித்தார்கள். விற்பவர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. "அறுபத்து மூணு படம், அப்ப போஸ்டரும் அறுபத்து மூணுதான்" என்று மனதார நம்பியே விற்பார். அதனால் படத்தின் வயதையும் தாளின் வயதையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்.

முதல் சோதனைக்குக் கண் போதும். 1978 அக்டோபரில்தான் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் எழுத்தின் தலையில் யானைத் துதிக்கை வைத்தாற்போல எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் ஒரே சுழியாக வளைந்து முடிந்தன. 'கலை அரசி' என்ற தலைப்பிலேயே ஒரு 'லை' இருக்கிறது. அது இன்றைய வடிவத்தில் இருந்தால் 1963இன் முதல் வெளியீட்டுத் தாள் என்பதை நம்பாதீர்கள். 'விக்ரம்' 1978க்குப் பிந்தைய படம், அதற்கு இந்தச் சோதனையே உதவாது. 'காடு' படத்தில் தலைப்பு உதவாது. அங்கே சின்ன எழுத்துகளைப் பாருங்கள். 'நாளை முதல்' என்ற வரியிலும், கலை இயக்குநர் பெயருக்கு முன்னால் வரும் 'கலை'யிலும் சிக்கிவிடும்.

இந்தச் சோதனை இரண்டு பக்கமும் முழுசாக வெட்டாது. துதிக்கை 'லை' இருந்தால் தாள் பழையது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓவியர்கள் 1978க்குப் பிறகும் பல ஆண்டுகள் பழக்கத்தில் அப்படியே எழுதினார்கள். மறுவெளியீட்டில் பழைய தலைப்பெழுத்தை அப்படியே எடுத்தும் போட்டார்கள். மறுபக்கம், பெரியாரின் 'குடி அரசு' இதழ் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்ததால், திராவிட இயக்கச் சார்புள்ள அச்சகத் தாளில் புது வடிவம் முன்பே தலைகாட்டலாம்.

அதனால் அடுத்து முகவரியைப் பாருங்கள். கீழே அச்சகத்தின் பெயரோடு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், தாள் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. 'சென்னை-2' என்பது போல ஓரெண் மட்டும் இருந்தால் முந்தையதாக இருக்கலாம். தணிக்கைக் குறியாக 'யு/ஏ' இருந்தால் 1983க்கு முன் போகாது, அந்தப் பிரிவே அந்த ஆண்டில்தான் வந்தது.

பாட்டுப் புத்தகத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். விலை அச்சிட்டிருந்தால் அதைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.', அதாவது நயா பைசா, என்றிருந்தால் 1957 ஏப்ரல் முதல் 1964 மே வரை. 1964 ஜூன் முதல் 'நயா' என்ற அடைமொழி அதிகாரபூர்வமாக நீங்கிவிட்டது. ஆகவே 'காடு' புத்தகம் அணாவிலும், 'கலை அரசி' முதல் வெளியீட்டுப் புத்தகம் ந.பை.யிலும் இருக்க வேண்டும். அட்டை மட்டும் அசலாக இருந்து உள்தாள் வேறு படத்தினுடையதாக இருப்பது அடிக்கடி நடக்கும். நடுப்பக்கத்தில் பின் அடித்த துளைகளை அட்டையின் துளைகளோடு பொருத்திப் பாருங்கள். துருக்கறை இரண்டிலும் ஒரே இடத்தில் படிந்திருக்க வேண்டும்.

லென்ஸும் நீல விளக்கும்

தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போஸ்டரில் முகத்தின் நிழல் பகுதியில் வைத்துப் பார்த்தால், பழைய லித்தோவில், அதாவது கல்லச்சு முறையில், கையால் புள்ளி குத்திய ஒழுங்கற்ற மணல்போலத் தெரியும். ஆஃப்செட்டில் நான்கு நிறப் புள்ளிகள் சிறு பூப்போல வரிசையாக நிற்கும். இன்றைய இங்க்ஜெட் நகலில் வரிசையே இல்லாமல் தெளித்த மாதிரி இருக்கும். ஸ்கேன் செய்து ஆஃப்செட்டில் அடித்த நகல்தான் ஏமாற்றும். அதைப் பிடிக்க எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து கறுப்பு மசியால் மட்டும் அடித்துத் துல்லியமாக இருக்கும். நகலில் எழுத்தும் புள்ளிகளால் ஆகி விளிம்பு மசமசவென்றிருக்கும். மடிப்புக் கோட்டையும் பாருங்கள். அசலில் மசி உதிர்ந்து வெள்ளை நார் தெரியும். நகலில் அந்த வெள்ளைக்கோடே அச்சாகியிருக்கும், விரலால் தடவினால் வழவழவென்றிருக்கும்.

கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா டார்ச், 365 நானோமீட்டர் உள்ளது, 'காடு' காலத்துத் தாளுக்குப் பயன்படும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்வுச் சாயங்கள் 1950களில்தான் பரவின. இருட்டில் தாள் பளீரென்று நீலமாக மின்னினால் 1952 என்ற பேச்சைச் சந்தேகிக்கலாம். 1963க்குப் பிறகுள்ள தாளுக்கு இந்தச் சோதனையால் எதையும் சொல்ல முடியாது. சோப்புத்தூள் பட்ட துணியில் வைத்திருந்த தாளும் மின்னும்.

அளவில் ஒரு சிக்கல் உண்டு. ஒற்றை ஷீட் பெரும்பாலும் 30க்கு 40 அங்குலம், சிறியது 20க்கு 30. ஆறு ஷீட் என்பது ஆறு தாள்கள் சேர்ந்த ஒரே படம். கட்டில் ஆறு தாள் இருக்கிறதே என்று வாங்கிவந்து தரையில் பரப்பினால், இடக்கால் இரண்டு இருக்கும், தலை இருக்காது. கடையிலேயே விரித்துப் பாருங்கள். பின்பக்கம் மைதாப் பசை காய்ந்திருந்தால் அது சுவரில் ஒட்டி உரித்தது. அதை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் பசை பூச்சிக்குச் சாப்பாடு என்பதால் மற்றவற்றோடு சேர்த்து வைக்கக்கூடாது.

வெளிநாட்டுத் தாள்

அமெரிக்க ஒன்-ஷீட், அதாவது ஒற்றைத் தாள் போஸ்டர், 1980களின் நடுப்பகுதி வரை 27க்கு 41 அங்குலம், அதன்பின் ஓர் அங்குலம் குறைந்து 27க்கு 40. 1980களின் தொடக்கம் வரை மடித்தே அனுப்பினார்கள், ஆகவே 1950களின் ஒன்-ஷீட் மடிப்பே இல்லாமல் புத்தம்புதிதாக இருந்தால் கேள்வி கேளுங்கள். கீழ் ஓரத்தில் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த ஒரு குறி இருக்கும். 'ஸ்டார் வார்ஸ்' என்றால் 77/21. 'காடு' படத்தின் அமெரிக்கத் தாளில் 52 என்று தொடங்க வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே அனுப்ப அச்சிட்டவற்றில் இந்த எண் இல்லாமலும் இருக்கும், அது மட்டுமே குற்றமில்லை. தியேட்டர் முன்கூடத்தில் மாட்டும் லாபி கார்டு 11க்கு 14 அங்குலம், எட்டு சேர்ந்தது ஒரு செட்.

ஃபிலிம் துண்டுகள்

தியேட்டர் வாசலில் பொறுக்கிய ஃபிலிமை, தண்ணீர் ஊற்றிய குண்டு பல்பின் முன் காட்டிச் சுவரில் படம் ஓட்டிய தலைமுறையின் டப்பாக்கள் இன்றும் கிடைக்கின்றன. விளிம்பில் 'சேஃப்டி' என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறதா பாருங்கள். இல்லாமல், படமும் 1950களின் தொடக்கத்துக்கு முந்தையதாக இருந்தால், அது எளிதில் தீப்பிடிக்கும் பழைய நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். கோடாக் நைட்ரேட் ஃபிலிமை 1951இல் நிறுத்தியது. இது எரியும்போது தானே ஆக்சிஜன் விடுவதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. நெருப்பு வைத்துச் சோதிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அப்படிப்பட்ட சுருளை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதே மேல்.

புளித்த காடி வாசம் அடித்தால் அது அசிட்டேட் சிதைவு, அதாவது சேஃப்டி ஃபிலிமின் அடித்தாள் கெடுவது. அந்த ஆவி பக்கத்துத் துண்டையும் கெடுக்கும், எனவே காகித உறையில் போட்டுத் தனியே காற்றாட வையுங்கள். கலர் துண்டு ரோஜா நிறமாக வெளுத்திருப்பது நீலச்சாயம் முதலில் மங்குவதால். அதை மீட்க வழியில்லை.

கையெழுத்து, கைக்கடிகாரம், கண்ணாடி

1980இல் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்றவர் எம்.ஜி.ஆர். அவர் கையெழுத்திட்ட படம் என்று இங்கே நிறைய வீடுகளில் காட்டுவார்கள். லென்ஸில் பாருங்கள். கையெழுத்து புள்ளிகளாகச் சிதறினால் அது படத்தோடு அச்சானது. ஓரம் தடித்து நடு வெளுத்திருந்தால் ரப்பர் முத்திரை. பேனா என்றால் கோடு ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மசி கூடியிருக்கும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பால்பாயிண்ட் பதிந்த பள்ளம் தெரியும்.

அவர் அணிந்த பொருள், படத்தில் மாட்டிய உடை என்று வந்தால் பொருளை அப்புறம் பாருங்கள், முதலில் காகிதத்தைக் கேளுங்கள்: யார் கொடுத்தார், எந்த ஆண்டு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது. உடை என்றால் படத்தின் ஸ்டில்லில் பூவேலையோ தையல் மடிப்போ அதே இடத்தில் விழுகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரே துணியில் இரண்டு சட்டை தைப்பதுண்டு, ஆனால் இரண்டிலும் கோடுகள் தையலைச் சந்திக்கும் இடம் ஒன்றாக இருக்காது. சான்று இல்லாதபோது வெறும் பழைய துணிக்கு என்ன விலையோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள். விற்பவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

மடிப்பைப் பிரிப்பதும் வைப்பதும்

கத்திரி வெயிலில் பழைய போஸ்டரைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஈரம் வற்றிய தாள் அப்பளம்போல உடையும். முதலில் ஓரத்தில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஏறினால் அந்தத் தாளுக்கு இந்த வேலை ஆகாது. ஏறாவிட்டால், மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் நன்றாகப் பிழிந்த இரண்டு டர்க்கித் துண்டுகளை விரித்து, நான்கு டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் பிளாஸ்டிக் வலை போட்டு, தாளை மடித்தபடியே வைத்து மூடுங்கள். மணிக்கொரு முறை திறந்து பார்த்தால் மூன்று நான்கு மணி நேரத்தில் மடிப்பு இளகியிருக்கும். ராத்திரி முழுக்க விட்டால் நம் ஊர் வெப்பத்துக்குப் பூஞ்சணம் தொடங்கிவிடும்.

பிறகு மேலும் கீழும் இரண்டிரண்டு மையொற்றுத் தாள் வைத்து, பிளைவுட் பலகைக்கு அடியில் பத்துக்கிலோ அரிசிப்பை கனத்தில் அழுத்துங்கள். ஒரு மணி நேரத்தில் ஒற்றுத்தாளை மாற்றி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டில் தேன் நிறமாகித் தாளுக்குள் இறங்கும். ஜப்பானிய மென்தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் சரி, அது பின்னால் தண்ணீரில் கழலும். லேமினேஷன் செய்த போஸ்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

போஸ்டரைக் குழாய்க்குள் திணிப்பதைவிட, துணிக்கடையில் தூக்கிப்போடும் தடித்த அட்டைக்குழாயின் மேல் பாலியெஸ்டர் தாளைச் சுற்றி, அதன்மேல் போஸ்டரைச் சுற்றுவது நல்லது. குழாயின் விட்டம் நான்கு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பாட்டுப் புத்தகத்துக்கும் பாலியெஸ்டர் உறைதான். பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து மசியைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும். இரும்பு பீரோவை வெளிச்சுவரில் சாய்க்காமல் தரையிலிருந்து நான்கு அங்குலம் தூக்கி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று ஒரு சிறு மீட்டர் வைத்துப் பாருங்கள். வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம், தாளின் மேல் நேராகப் போட்டால் கறை.

புதிதாக வந்த எதையும் அன்றே பீரோவில் சேர்க்காதீர்கள். பூச்சி அரித்த பாட்டுப் புத்தகத்தை இரட்டைப் பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் சாகும். எடுத்தவுடன் பையைத் திறக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க வெளியே கிடந்து, பையின் மேல் பூத்த நீர் காய்ந்த பிறகு பிரியுங்கள். அதற்கு முன் பிரித்தால் அந்த நீர் புத்தகத்தின் மேல் பூக்கும்.