மணப்பெண்ணுக்குப் பூ நகை: மொட்டு எடுப்பது முதல் மாட்டுவது வரை

தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்கல் சடங்கு, மருதாணி இரவு, பின்னேர வரவேற்பு மூன்றுக்கும் பூ நகை நன்றாகப் பொருந்தும். மணவறைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வோம். ஓமத் தீயின் வெக்கை ஒருபக்கம். மாலை மாற்றியதும் கனத்த மாலை பூ அட்டியலை நசுக்கிவிடும். அப்போதும் பூதான் வேண்டுமென்றால் நெற்றிச்சுட்டி, தோடு, காப்போடு நிறுத்துங்கள்.

காலையில் பறித்த மல்லிகை மொட்டு அன்று பொழுதுபட விரியத் தொடங்கும். பின்னேர விழாவுக்கு அன்று காலைப் பறித்த, வெள்ளை பிடித்த முழு மொட்டாக எடுங்கள். பச்சை மொட்டு விரியாமலே சுருங்கிப் பழுத்துவிடும். காலை வைபவமென்றால் முதல் நாள் பின்னேரமே, விரியுமுன் கோர்த்துக் குளிரில் வையுங்கள்.

நந்தியாவட்டையும் நல்ல பூதான், ஆனால் அதன் பாலைக் கவனிக்க வேண்டும். காம்பு கிள்ளிய இடத்தில் வெள்ளையாகக் கசிந்து விரலில் பிசின் மாதிரி ஒட்டும். சிலருக்குத் தோல் கடிக்கும். அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, இரண்டு முறை அலசி, பருத்தித் துணியில் பரப்பி ஈரம் வற்றவிடுங்கள். அலரி, செவ்வலரியோ மஞ்சளோ, நகைக்கு வேண்டவே வேண்டாம். அது நஞ்சு, மணப்பெண்ணின் மடியில் ஏறும் குழந்தைகள் பூவைப் பிய்த்து வாயில் வைப்பார்கள்.

கணக்கு இப்படி: மொட்டுக்களைப் பக்கம் பக்கமாக நெருக்கிக் கோர்த்தால் 10 சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 20 மொட்டு. 45 சென்ரிமீற்றர் இரட்டைச் சர அட்டியலுக்கு 180, 18 சென்ரிமீற்றர் இரட்டைச் சரக் காப்பு இரண்டுக்கு 144, சுட்டிக்கு 36, தோட்டுச் சோடிக்கு 40. மொத்தம் 400. உடைவதும் விரிந்துபோவதும் இருக்கும் என்பதால் 500 வாங்குங்கள்.

மெல்லிய ஊசி, இரட்டையாக எடுத்த பருத்தி நூல் போதும். காம்பிலிருந்து ஒரு நெல்மணி அளவு மேலே, மொட்டின் குழலுக்குக் குறுக்கே குத்துங்கள். தலையில் குத்தினால் இதழ் கிழிந்து, சிறிது நேரத்தில் அந்த இடம் பழுப்பாகும். மொட்டுத் தலைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். தோட்டுக்கு 3 சென்ரிமீற்றர் வட்டமாக வெட்டிய கட்டித் துணியில் மொட்டுக்களைச் சுற்றித் தைத்து, நடுவில் ஒரு சின்ன ரோசா. சூட்டுப் பசை வேகம்தான், ஆனால் அந்தச் சூடு இதழை அவித்துவிடும்; தைப்பதே நல்லது. ஈரப்பூ பாரம் என்பதால், மாட்டல் போலக் காதுக்கு மேலால் ஒரு நூல் எடுத்துத் தலைமுடியில் பின் குத்துங்கள். காது இழுபடாது.

கோர்த்ததைப் பிழிந்த ஈரத் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் இதழ் உறைந்து, வெளியே எடுத்ததும் கறுத்துத் தொய்ந்துவிடும். பழுத்த மாம்பழம், வாழைப்பழம் பக்கத்தில் இருக்கக்கூடாது. பழத்திலிருந்து வரும் வாயு பூவை விரைவில் வாடவைக்கும். அணிய அரை மணி நேரம் முன் வெளியே எடுத்தால் மேலே படியும் தண்ணீர் உலரும். பட்டில் கறை படாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாட்டம் இன்னும் வேகம். அந்த வரண்ட காற்று இதழின் ஈரத்தை உறிஞ்சிவிடும், நேராக வீசும் மின்விசிறியும் அப்படித்தான். சேலை உடுத்து, பவுடர் பூசி, சென்ட் அடித்து முடித்த பிறகே பூவை மாட்டுங்கள். சென்ட் பூவில் பட்டால் பழுப்புப் புள்ளி விழும்.

பூ வாட வாட மெலியும். இரண்டு மணி நேரத்தில் மொட்டுக்களுக்கிடையே நூல் தெரியத் தொடங்கும். அதனால் நுனியை இறுக்கி முடியாமல் உருவாஞ்சுருக்குப் போட்டு விடுங்கள். தோழி பின்னால் நின்று மொட்டுக்களை நெருக்கித் தள்ளி, நூலை ஒருமுறை இழுத்துவிட்டால் இடைவெளி மூடிவிடும்.