மாருதி 800 இன்ஜினை வீட்டு வாசலிலேயே இறக்குவது எப்படி

இன்ஜினை "இறக்குவது" என்றுதான் பட்டறையில் சொல்வார்கள். மாருதி 800-இல் உண்மையில் கியர்பாக்ஸோடு சேர்த்து மேலேதான் தூக்கி எடுக்கிறோம். என்னுடையது 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர். சைலன்சரில் நீலப்புகை, ஆயில் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. பட்டறையில் சொன்ன தொகை வண்டியின் மதிப்பில் பாதிக்கு வந்ததால், நாமே கழற்றி சிலிண்டர் பிளாக்கை மட்டும், சிலிண்டரைக் கடைந்து கொடுக்கும் போரிங் கடைக்குக் கொண்டுபோகலாம் என்று மச்சானும் நானும் இறங்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதில் ஒன்று முழுக்க என் ஒரு தவறுக்கே போனது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு இன்ஜினை இறக்கியே ஆகவேண்டுமா என்று பாருங்கள். கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் புகை வந்து அப்புறம் நின்றுவிடுகிறது என்றால் வால்வ் சீலாக இருக்கலாம், அதற்கு இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டோடு வேலை முடிந்துவிடும். எனக்கு பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தபோது அளவு சட்டென்று ஏறியது, அதாவது பிஸ்டன் ரிங் போய்விட்டது. தப்பிக்க வழியில்லை.

தூக்குவதற்கு என்ன வேண்டும்? போர்டிகோ கூரையில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறதே, அதில் மாட்டிவிடலாமா என்று என் மச்சான் கேட்டான். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். போர் மோட்டார் தூக்கும் ஆட்களிடம் இரும்பு முக்காலியும் ஒரு டன் செயின் பிளாக்கும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். காரே 650 கிலோ சொச்சம்தான், அதன் இன்ஜினுக்கு இது தாராளம். ஸ்பேனரில் 10, 12, 14, 17 இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். டபாரியா ரிங் ஸ்பேனர் செட் வாங்குங்கள், பெட்டியோடு மலிவாக விற்கும் பெயரில்லாத செட் வேண்டாம், துருப்பிடித்த நட்டில் ஒரு தடவை வழுக்கினால் நட்டின் முனை மழுங்கிவிடும், அப்புறம் உளிதான். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது, இரண்டு ஸ்டாண்ட் கட்டாயம்.

முந்தின நாள் இரவே எக்ஸாஸ்ட் பைப் நட்டுகளில் டபிள்யூடி-40 அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் இன்ஜின் ஆறிய நிலையில் பேட்டரி நெகட்டிவ் முதலில், அப்புறம் பாசிட்டிவ், பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள். பானெட்டைக் கழற்றும் முன் கீல் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டால் திரும்ப மாட்டும்போது இடைவெளி சரியாக வரும். ரேடியேட்டர் தண்ணீர், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடித்துவிடுங்கள். கியர் ஆயில் எதற்கு என்று நினைத்து நான் விட்டுவிட்டேன், ஆக்சிலை (கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்) உருவிய நொடியில் கோலம் போட்ட வாசல் முழுக்க அதுதான். நாற்றம் போக ஒரு வாரம் ஆனது, வீட்டில் வாங்கிய திட்டு தனி.

அடுத்து மேலே உள்ளவை எல்லாம்: ஏர் ஃபில்டர், ரேடியேட்டர் ஹோஸ்கள், ஹீட்டர் ஹோஸ்கள், ஆக்சிலரேட்டர், சோக், கிளட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள்கள், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வயர்கள், பெட்ரோல் பைப்கள். பெட்ரோல் பைப் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிடுங்கள், பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. வேக்கம் பைப்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி பால்பாயிண்ட் பேனாவில் எண் எழுதுங்கள். மார்க்கரில் எழுதினால் பெட்ரோல் கை பட்டதும் அழிந்துவிடும். போனில் போட்டோவும் எடுங்கள், ஆனால் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள், எல்லாப் பைப்பும் கறுப்பு.

இப்போது ஆக்சில். என்னைக் கவிழ்த்தது இதுதான்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரங்களைக் கழற்றுங்கள். ஹப் நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடவேண்டாம். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் கீழே உள்ள லோயர் ஆர்மையும் இணைக்கும் பால் ஜாயிண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை முழுதாக வெளியே எடுக்கவேண்டும், தளர்த்தினால் மட்டும் போதாது, ஏனென்றால் பால் ஜாயிண்ட் தண்டில் உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். பிறகு நீளமான பைப்பால் லோயர் ஆர்மைக் கீழே அழுத்தினால் ஜாயிண்ட் விடுபடும், நக்கிளை வெளிப்பக்கம் சாய்க்கலாம். சரி, இனி ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்து நான் பலமாக இழுத்தேன். வந்தது. கியர்பாக்ஸிலிருந்து அல்ல, ரப்பர் உறைக்குள்ளேயே ஜாயிண்ட் இரண்டாகப் பிரிந்து, கப் மட்டும் கியர்பாக்ஸிலேயே நின்றுவிட்டது. உறையைப் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, ரோலர்களைச் சரிபார்த்து மறுபடி சேர்ப்பதற்குள் இருட்டிவிட்டது.

நடப்பது இதுதான்: ஷாஃப்டின் உள்முனை கியர்பாக்ஸுக்குள் ஒரு சின்ன லாக் வளையத்தால் பிடிபட்டிருக்கிறது. நீங்கள் இழுக்கும் விசை அந்த வளையத்துக்குப் போகாமல் நடுவில் உள்ள ஜாயிண்டுக்குப் போகிறது. ஆகவே ஷாஃப்டை இழுக்கவே கூடாது. ஜாயிண்ட் கப்புக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் நடுவில் டயர் கழற்றும் லிவரை விட்டு ஒரே வெட்டாக நெம்புங்கள், "டக்" என்று சத்தம் கேட்கும், அப்புறம் கையோடு வரும். மெதுவாக நெம்பினால் வராது, ஆயில் சீல் பக்கம் லிவரை ஆழமாக விட்டால் சீல் கிழியும். அகல ஸ்க்ரூடிரைவரில் முயன்று ஒன்றை வளைத்துவிட்டேன், டயர் லிவரே சிறந்தது.

அடியில் இருக்கும்போதே கியர் ராடுகள், எக்ஸாஸ்ட் நட்டுகள், ரிவர்ஸ் லைட் வயர் ஆகியவற்றையும் முடித்துவிடுங்கள்.

பிறகு பால் ஜாயிண்டுகளை மறுபடி மாட்டி, சக்கரங்களைப் போட்டு வண்டியைத் தரையில் இறக்குங்கள். ஏன் என்றால் முக்காலி நகராது, இன்ஜினைத் தூக்கிய பிறகு வண்டியைத்தான் பின்னால் தள்ளவேண்டும். தொங்கும் ஆக்சில் முனைகளுக்கு பிளாஸ்டிக் பை சுற்றி, தளர்வான கயிற்று வளையத்தில் தொங்கவிடுங்கள், இறுக்கிக் கட்டினால் சக்கரம் உருளும்போது ஷாஃப்டும் சுற்றிக் கயிறு முறுக்கிக்கொள்ளும். முக்காலியின் கால்களும் சக்கரம் உருளும் பாதைக்கு வெளியே இருக்கட்டும்.

செயினை இன்ஜின் பக்கம் ஒரு இடம், கியர்பாக்ஸ் பக்கம் ஒரு இடம் என்று இரண்டில் பிடித்து, லேசாக இழுவை கொடுத்தபின் மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். தூக்கும்போது சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஓர் அங்குலம் தூக்கி நிறுத்தி, சுற்றிலும் கையை விட்டுப் பாருங்கள். எனக்கு அங்கே கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் விறைத்து நின்றது. இன்ஜினுக்கு அடியில் கை, கால் எதுவும் போகக்கூடாது. முன் பேனலைத் தாண்டியதும் கல்லை எடுத்து, ஒருவர் வண்டியைத் தள்ள, ஒருவர் இன்ஜின் ஆடாமல் பிடிக்க, பழைய டயர் ஒன்றின் மேல் இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஏசி வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். கேஸ் பைப்பைத் திறக்கவேண்டாம், கம்ப்ரஸரை மட்டும் கழற்றி பைப்போடு ஓரமாகக் கட்டிவைத்தால் போதும், கேஸ் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோலைப் பீய்ச்சும்) மாடல்களில் பெட்ரோல் பைப்பில் அழுத்தம் இருக்கும். பேட்டரியைக் கழற்றும் முன் ஃப்யூயல் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தானாக அணையவிடுங்கள், அதன் பிறகு பைப்பில் கை வையுங்கள். சென்சார் கப்ளர்களைப் பூட்டை அழுத்தித்தான் கழற்றவேண்டும், வயரைப் பிடித்து இழுத்து உடைத்த ஒருவர் போட்டோவே அனுப்பியிருக்கிறார்.