பேட்டரி பேக் செய்யும்போது எந்த இடத்தில் எந்தக் காப்புப் பொருள்?

முதலில் ஒரு 18650 செல்லை (உருளை வடிவ லித்தியம் அயான் செல்) கையில் எடுத்து பிளஸ் முனையை உற்றுப் பாருங்கள். நடுவில் உள்ள மூடி மட்டும்தான் பிளஸ். அதைச் சுற்றியுள்ள விளிம்பு, பக்கச் சுவர், அடிப்பாகம் எல்லாமே மைனஸ். இரண்டுக்கும் நடுவே மிகச் சின்ன இடைவெளி, விளிம்பை மூடியிருப்பதோ மெல்லிய பிளாஸ்டிக் உறை, நாம் வெல்டிங் செய்யும் நிக்கல் பட்டை சரியாக அந்த விளிம்பைத் தாண்டித்தான் போகிறது. குலுங்கக் குலுங்க பட்டை அந்த உறையை அறுத்துவிட்டால் அந்தச் செல்லின் பிளஸும் மைனஸும் அங்கேயே ஷார்ட் ஆகும். பிஎம்எஸ் (பேக்கைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், இந்த ஷார்ட்டை அதனால் நிறுத்த முடியாது.

படி 1: உறை கிழிந்த செல்லுக்குப் புது உறை போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு பிளஸ் முனையிலும் ஃபிஷ் பேப்பர் வளையம் ஒட்டுங்கள், ஒன்றைக்கூட விடாதீர்கள். பெயரில்தான் மீன், உண்மையில் பதப்படுத்திய கெட்டித் தாள். சுலபத்தில் அறுபடாது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும்.

படி 2: ஒரே பேரலல் வரிசையில் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்த வரிசை) உள்ள செல்களின் சுவர்களுக்குள் மின்னழுத்த வித்தியாசம் கிடையாது. அடுத்த வரிசையோடு உண்டு. இப்படி 13 வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 13 சீரிஸ் பேக் முழு சார்ஜில் 54.6 வோல்ட், வரிசைகளை மடித்து அடுக்கினால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டுக்குள் ஒரு செல்லின் வோல்டேஜைப்போலப் பல மடங்கு வித்தியாசம் வரலாம். செல்களை இடைவெளி விட்டுப் பிடிக்கும் ஹோல்டர் இல்லையென்றால் நடுவில் ஃபிஷ் பேப்பர் கட்டாயம்.

படி 3: பேலன்ஸ் வயர்கள், அதாவது ஒவ்வொரு வரிசையிலிருந்தும் பிஎம்எஸ்ஸுக்குப் போகும் மெல்லிய வயர்கள். நிறையப் பேர் இங்கே கேப்டான் டேப்பை (பாலிமைடு பிளாஸ்டிக் டேப்) மட்டும் நம்புகிறார்கள். சால்டரிங் சூட்டை அது நன்றாகத் தாங்கும், சரி, ஆனால் பட்டையின் கூர்மையான ஓரம் ஒரு கீறல் போட்டால் அங்கிருந்து நேராகக் கிழிந்துகொண்டே போகும். அதனால் பட்டைமேல் ஃபிஷ் பேப்பர், அதன்மேல் வயர், வயரைப் பிடித்துக்கொள்ள கேப்டான்.

படி 4: மேலும் கீழும் கண்ணாடி இழை எபாக்ஸி ஷீட், வெளியே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுக்கும் உறை). கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் பசை வழியும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானும் வேண்டாம், உலோகத்தை அரிக்கும். பிளஸ் முனையைப் பசையால் அடைக்கவே கூடாது, கோளாறு வந்தால் வாயு வெளியேறும் வழி அதுதான்.

ஹீட் ஷ்ரிங்க் போடும் முன் ஒவ்வொரு வரிசையின் வோல்டேஜையும் குறித்து வைத்து, சில நாள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். ஒரு வரிசை மட்டும் இறங்கியிருந்தால் பேக்கை மூடாதீர்கள். அந்த வரிசையின் வளையங்களையும் வயர்களையும் முதலில் பாருங்கள், அவை சரியாக இருந்தால் செல்லே பழுதாக இருக்கலாம்.